சார் வீட்டு வண்டி

புதுப் பெயிண்ட் வாசனையே எனக்கு ஆகாது. மற்றவர்களுக்கு அது நல்ல காரியத்தின் வாசனை. எனக்கு அது பொய்யின் வாசனை. இருபத்தாறு வருடமாக டிராக்டருக்கு அடியில் படுத்துக் கிடப்பவன் நான். இருபது வருடம் உழைத்த வண்டிக்கு ஒருவன் திடீரென்று பெயிண்ட் அடிக்கிறான் என்றால் அதன் மேல் உள்ள பாசத்தில் அடிப்பதில்லை. துரு, விரிசல், ஒட்டுவேலை, எண்ணெய்க் கசிவு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு போர்வை போடுகிறான். வாங்க வருகிறவன் அந்தப் போர்வையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பளபளன்னு இருக்குல்ல?" என்று என்னிடமே கேட்பான். அப்போதெல்லாம் விற்பவனைவிட வாங்குபவனைத்தான் அறையவேண்டும் போலிருக்கும்.

அறைந்ததில்லை. ஆனால் வாயால் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் என் பட்டப்பெயர் கடுகு. எண்ணெய் காய்வதற்கு முன்பே வெடித்துவிடுவேனாம். வண்டி முதலாளிகள், பாங்க் மேனேஜர், ஒருமுறை ஒரு போலீஸ்காரர் என்று யாரையும் விட்டுவைத்ததில்லை. இந்தப் பெருமையை இங்கே எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு அது எந்த லட்சணத்தில் இருந்தது என்பது உங்களுக்கும் தெரியட்டும் என்றுதான்.

என் தங்கை ஒரு பழைய டிராக்டர் வாங்க முடிவு செய்திருந்தாள். நிலம் அவள் பெயரில் இருந்தது. கையெழுத்துப் போடவேண்டியவளும் அவள்தான். ஓட்டப்போவது அவள் மகள், முறைக்கு எனக்கு மருமகள். இருபத்து மூன்று வயது. மூன்று வருடமாக அடுத்தவர் டிராக்டரைக் கூலிக்கு ஓட்டி, அந்த வண்டிக்காரனின் வாய்ச்சவடாலையும் சேர்த்துச் சகித்துக்கொண்டிருந்தாள். சொந்த வண்டி என்று பேச்செடுத்த நாளிலிருந்து அவள் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் தங்கையின் நிலம் சமதரை இல்லை. வீட்டு வாசலிலிருந்து ஓடைவரைக்கும் ஒரே சரிவு. அங்கே பிரேக் பிடிக்காத வண்டியில் ஏறுவதும் கிணற்றில் குதிப்பதும் ஒன்றுதான். தங்கைக்கு அது தெரியும். அன்று ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பகல் டியூட்டி, எங்களோடு வர முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"அண்ணா, அவருக்கு சார் சார்னு உருகத்தான் தெரியும். வண்டிய நீங்க பாருங்க. நீங்க சரின்னு சொன்னா நான் கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா இல்ல. ஓட்டப் போறது என் பொண்ணு."

"என்கிட்ட விட்டுடு. சட்டைய உரிச்சுப் பாத்துட்டுத்தான் விடுவேன்," என்றேன். வாய் மட்டும் குறைச்சலில்லை.

அவள் சொன்ன "அவர்" என்பது அவள் புருஷன், என் மாப்பிள்ளை. நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதைத் தவிர அவரிடம் வேறு குறையில்லை. விற்கிறவர் எங்கள் எல்லோருக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். முப்பது வருடம் அந்த ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தெருவில் நடந்து போனால் பேரன் எடுத்தவன்கூடப் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைப்பான். மாப்பிள்ளை பத்தாவது தேறியதே அவரால்தான் என்பது மாப்பிள்ளையின் நம்பிக்கை.

என் ஓட்டை வேனில் மூன்று பேரும் கிளம்பினோம். பாதி வழியில் மாப்பிள்ளை மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"மச்சான், ஒரு விஷயம். சார் முன்னாடி அந்த ஆயில் குச்சியெல்லாம் உருவிப் பாக்க வேணாம். மனசு கஷ்டப்படுவார்."

"நாம டிராக்டர் வாங்கப் போறோமா, ஆசீர்வாதம் வாங்கப் போறோமா?"

"சார் வண்டி மச்சான். கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கறேன்னு ஃபோன்லயே சொல்லிட்டேன்."

"நீங்க மூடிக்குங்க மாப்ளே. அவ திறந்து வெச்சுக்கிட்டு ஓட்டட்டும்."

பின்சீட்டில் மருமகள் சிரித்தாள். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் ஆட்களின் வியாதியே இதுதான். காய்கறிக் கடையில் ஒரு கத்தரிக்காயை நாலு தடவை திருப்பிப் பார்ப்பார்கள், காம்பை முகர்ந்துகூடப் பார்ப்பார்கள். மதிப்பான மனிதர் ஒருவர் ஒரு பொருளை விற்றால் மட்டும் அதைத் தொட்டுப் பார்ப்பதே பாவம். சோதித்தால் சந்தேகப்பட்டதாகிவிடுமாம். சந்தேகப்பட்டால் அவர் முகம் வாடிவிடுமாம். அந்த முகம் வாடக்கூடாது என்பதற்காக இவர்கள் வாழ்நாள் முழுக்கத் ஓடாத வண்டியைத் தள்ளிக்கொண்டு திரிவார்கள். எனக்கு இந்த மரியாதையைக் கண்டால் குமட்டிக்கொண்டு வரும்.

வாத்தியார் எங்களை ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருந்தார். நான் வேண்டுமென்றே எட்டரைக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். பழைய வண்டியைப் பார்க்கப் போனால் சொன்ன நேரத்துக்கு முன்னால் போகவேண்டும். இஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது கிளப்பிப் பார்த்தால்தான் அதன் யோக்கியதை தெரியும். நோஞ்சான் இஞ்சினை முன்கூட்டியே ஒருமணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி வைத்துவிட்டால் ஒரே திருகலில் கிளம்பிவிடும், வாங்க வந்தவனும் வாயைப் பிளந்துவிடுவான்.

வாத்தியார் வீடு ஒரு மேட்டில் இருந்தது. பின்பக்கம் தகரக் கொட்டகை. கொட்டகையிலிருந்து கேட் வரைக்கும் மண்பாதை சரிந்து இறங்கியது. பாதி இறக்கத்தில் ஒரு பக்கமாக எருக்குழி, நேற்றுப் போட்ட சாணமும் அழுகிய வைக்கோலுமாய் ஈ மொய்த்துக் கிடந்தது. கொட்டகைக்குள் வண்டி நின்றது. நீலம். கண்ணைக் குத்துகிற நீலம். வாசனை என் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கொட்டகையில் யாருமில்லை. நான் நேராகப் போய் இஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தேன். சுட்டது. தோசைக்கல் மாதிரி சுட்டது.

"என்னடா மக்கு, மெக்கானிக் ஆயிட்டியாமே!"

பின்னாலிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டு முப்பத்து நாலு வருடம் ஆகியிருந்தது. வாத்தியார் வெள்ளைச் சட்டையில், அயர்ன் மடிப்புக் கலையாமல் நின்றுகொண்டிருந்தார். எட்டாம் வகுப்பில் எனக்கு அவர் வைத்த பெயர் மக்கு. நான் திரும்பினேன். திரும்பும்போதே என் இரண்டு கைகளும் மார்புக்குக் குறுக்கே தாமாகக் கட்டிக்கொண்டன. சத்தியமாகச் சொல்கிறேன், கட்டச் சொல்லி நான் உத்தரவு போடவில்லை.

"வணக்கம் சார்," என்றேன். குரலும் எட்டாம் வகுப்புக் குரலாகத்தான் வந்தது.

"சீக்கிரமே வந்துட்டீங்க போல?"

"ஆமாங்க சார். இஞ்சின் கொஞ்சம் சூடா இருக்குங்களே சார்..."

"வெயில்டா."

கொட்டகைக்குள் நூல் அளவு வெயில் கிடையாது. மேலே தகரம், மூன்று பக்கமும் சுவர். மாப்பிள்ளை பவ்யமாக, "ஆமாங்க சார், இப்பல்லாம் காலைலயே கொளுத்துது," என்றார். மருமகள் தகரக் கூரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் இஞ்சினைப் பார்த்தேன்.

சரி, பேசினால்தானே பிரச்சினை, கையை ஓட்டுவோம் என்று வேலையில் இறங்கினேன். பெயிண்ட் அடித்தவன் ஒரு இடம் பாக்கி வைக்கவில்லை. ரப்பர் குழாய் மேல் நீலம், கிரீஸ் அடிக்கிற துளை மேல் நீலம், டயர் விளிம்பில் நீலம். கிரீஸ் துளையைப் பெயிண்டால் அடைத்திருக்கிறான் என்றால் அதில் கிரீஸ் அடித்து எத்தனை காலமாயிற்று என்று கேட்கவே வேண்டாம். பேட்டரிப் பெட்டியின் மூடியைத் தூக்கினேன். உள்ளே மூலையில் ஒரு எலி செத்துக் காய்ந்து சுருண்டிருந்தது. எலி மேலும் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நீல எலி. மீசைகூட நீலம்.

செத்த எலியை எடுத்துப் போடக்கூட மனமில்லாமல் அதற்கும் சேர்த்து ஸ்ப்ரே பிடித்த அந்த மனதை நினைத்ததும் எனக்குக் காறித் துப்பவேண்டும் போலிருந்தது. வேறு யாராவது வண்டியாயிருந்தால் அந்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி, சொந்தக்காரன் மூக்குக்கு நேரே ஆட்டியிருப்பேன். மூடியைச் சத்தமில்லாமல் மூடினேன்.

ஆயில் குச்சியை உருவினேன். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார், ஏதோ நான் வாத்தியாரின் வேட்டியை உருவிவிட்டது போல. எண்ணெய் புத்தம் புதுசு, பாகு மாதிரி கெட்டி. தேய்ந்துபோன இஞ்சினின் தடதடப்பை அமுக்கக் கெட்டி எண்ணெயை ஊற்றுவார்கள். எண்ணெயை மாற்றியவன் ஊற்றுகிற வாயின் மூடியைத் துடைக்க மறந்திருந்தான். மூடியைத் திருகி எடுத்து உட்புறம் பார்த்தேன். பாலாடை மாதிரி வெளுத்த ஒரு பசை. இஞ்சினுக்குள் எண்ணெயோடு தண்ணீர் கலந்தால் வருகிற பசை அது. ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டு மெல்லத் திறந்தேன்; தண்ணீர் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாக மின்னியது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போய் வந்துகொண்டிருந்தன.

"எப்படிடா இருக்கு?"

"நல்லா... பராமரிச்சிருக்கீங்க சார்."

இதைச் சொன்னது நான்தான். கடுகு. என் பல்லை நானே கழற்றிக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

இஞ்சினின் மூச்சுக் குழாய் பக்கவாட்டில் கீழ்நோக்கித் தொங்கும். இஞ்சின் உள்ளே தேய்ந்திருந்தால் அது வழியாகப் புகை வரும். அதனால்தான் நான் எப்போதும் அங்கே கையை விட்டுப் பார்ப்பது. விரலில் துணி தட்டியது. இழுத்தேன். ஒரு பழைய பனியனின் பாதி, எண்ணெயில் ஊறி, நாற்றமெடுத்து, முழம் முழமாக வந்தது.

"சார், இது..."

"தூசி போகக்கூடாதுன்னு நான்தான் வெக்கச் சொன்னேன்."

"பாத்தீங்களா மச்சான்," என்றார் மாப்பிள்ளை, "சார் எவ்வளவு யோசிச்சு வெச்சிருக்கார்!"

வாத்தியார் "டேய்" என்று குரல் கொடுத்ததும் வீட்டுப் பக்கமிருந்து அவருடைய டிரைவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பத்து வருடமாக இந்த வண்டியை ஓட்டுகிறவர். கையில் டீ டம்ளர்கள். அவற்றைக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். மூச்சுக் குழாய் இத்தனை நாள் அடக்கி வைத்த புகையை எங்கள் டீயின் மேல் கக்கியது. அவர் பின்னால் மாட்டியிருந்த கலப்பையைத் தூக்கி நிறுத்திக் காட்டினார். நாங்கள் டீயைக் குடித்து முடிப்பதற்குள் கலப்பை தானாகவே மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டது. அதை யாரும் பார்க்காதது போல எல்லோரும் டம்ளரைப் பார்த்தோம். ஸ்டீயரிங்கைக் கால்வட்டம் சுற்றிய பிறகுதான் முன்சக்கரத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. மீட்டரில் ஓடிய மணி நேரம் கொஞ்சமாகக் காட்டியது; கிளட்ச் மிதியோ தேய்ந்து தேய்ந்து நடுவில் குழி விழுந்திருந்தது.

இவை எல்லாம் போகட்டும். இவற்றால் ஆள் சாகமாட்டான். நான் பின்சக்கரங்களின் உள்பக்கம் குனிந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் அச்சு எண்ணெய் கசிந்து, பிரேக் இருக்கிற இடத்தில் நீலப் பெயிண்டையும் தாண்டிக் கறுப்பாக வழிந்திருந்தது. பிரேக்குக்குள் எண்ணெய் இறங்கிவிட்டால் மிதிப்பதும் மிதிக்காததும் ஒன்று. மிதியைக் கையால் அழுத்தினேன். தொபுக்கென்று தரைவரைக்கும் போயிற்று.

நிமிரும்போது கொட்டகைச் சுவரோரம் கண் போயிற்று. அங்கே முக்கோணமாகச் செதுக்கிய மரக்கட்டைகள் நாலைந்து கிடந்தன. வண்டி உருளாமல் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற கட்டைகள். ஒரு கட்டை எல்லோரிடமும் இருக்கும். இங்கே ஒன்று பிளந்து, ஒன்று நசுங்கி, ஒன்று டயர்த் தடம் பதிந்து தேய்ந்து கிடந்தன. டிரைவரின் கக்கத்தில் இன்னொன்று, புதுசு. வீட்டுப் பக்கமிருந்து வரும்போதே அதைக் கொண்டுவந்திருந்தார், வெளியே போகிறவன் துண்டை எடுத்துக்கொள்வது போல. இந்த வண்டிக்குப் பிரேக் அந்த மனிதர்தான் என்று எனக்குப் புரிந்தது. அருவருப்பில் உடம்பு கூசியது.

"பிரேக் கொஞ்சம் தொய்வா இருக்குங்க சார்," என்றேன்.

"பழைய வண்டின்னா அப்படித்தான்டா இருக்கும். உனக்கே புதுசாவா இருக்கு எல்லாம்?"

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். என் முகத்தை அப்போது ஒரு கண்ணாடியில் பார்த்திருந்தால் அதன் மேலேயே துப்பியிருப்பேன்.

மருமகள் சிரிக்கவில்லை. அவளும் கட்டைகளைப் பார்த்திருந்தாள். மூன்று வருடம் கூலிக்கு ஓட்டியவளுக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. அவள் முன்னால் வந்து, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"சார், வண்டிய இங்கருந்து கேட் வரைக்கும் ஒரு தடவ இறக்கிக் காட்டச் சொல்லுங்க."

"தாராளமா. டேய், இறக்கிக் காட்டு."

டிரைவர் அசையவில்லை. "முட்டி வலிக்குது சார்," என்றார்.

"நீங்களே இறக்குங்களேன் சார்," என்றாள் மருமகள். "உங்க வண்டிதானே."

வாத்தியாரின் முகம் மாறியது. அறுபத்தெட்டு வயதில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது. அவர் மாப்பிள்ளையைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே மாப்பிள்ளை பாதியாகக் குறுகிப்போனார்.

"பெரியவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு தெரியாதா உனக்கு? நகரு. நான் இறக்கறேன்," என்று மகளை அதட்டிவிட்டு மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அப்பா, வேணாம்."

"மாப்ளே, இருங்க..." என்றேன் நானும். இருங்க என்று மட்டும்தான் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வாக்கியம் இருந்தது. பிரேக் இல்லை, செத்துப்போவீர்கள் என்று. அது வாத்தியாரைத் தாண்டித்தான் மாப்பிள்ளையிடம் போகவேண்டும். போகவில்லை.

மாப்பிள்ளை ஏறினார். டிரைவர் கலப்பையைக் கழற்றிவிட்டு, சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கட்டையை எடுத்தார். வண்டி முதல் கியரில் இரண்டு ஆள் நீளம் ஒழுங்காகத்தான் இறங்கியது. மாப்பிள்ளை திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார். அந்த நேரத்தில் கியர் தானாக நழுவியது. கடக் என்ற சத்தம் எனக்குக் கேட்டது. பிடியில்லாத வண்டி தன் இஷ்டத்துக்கு ஓட ஆரம்பித்தது. மாப்பிள்ளை எழுந்து நின்று இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தார். எதுவும் நடக்கவில்லை.

டிரைவர் கட்டையைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடினார்.

"கட்டையப் போடுடா! சக்கரத்துக்குள்ள போடுடா!" என்று வாத்தியார் கத்தினார். ஓடுகிற சக்கரத்துக்கு அடியில் கையைக் கொடுக்கச் சொல்லி ஒரு மனிதனுக்கு உத்தரவு. அந்த மனிதரும் குனிந்தார். பத்து வருடப் பழக்கம். மருமகள் பாய்ந்து அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள். நான்? நான் கைகட்டி நின்றுகொண்டிருந்தேன்.

வண்டி எருக்குழிக்குள் மூக்கைக் குத்தி நின்றது. சாணமும் அழுகல் தண்ணீரும் ஆள் உயரத்துக்கு எழும்பி விழுந்தன. மாப்பிள்ளை ஸ்டீயரிங்குக்கு மேலாகப் போய்க் குழியில் விழுந்து, இடுப்பளவு சாணத்தில் எழுந்து நின்றார். தலையில் வைக்கோல், முகத்தில் ஈ. எலும்பு ஒன்றும் முறியவில்லை. எனக்கு உயிர் திரும்பி வந்தது.

வாத்தியார் குழியின் விளிம்புக்குப் போனார். அடிபட்டதா என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"பெயிண்ட்! மூணு நாள்தான்டா ஆச்சு பெயிண்ட் அடிச்சு!"

மாப்பிள்ளை சாணத்துக்குள் நின்றபடியே இரண்டு கையையும் கூப்பினார். "மன்னிச்சிடுங்க சார். எனக்குத்தான் சரியா ஓட்டத் தெரியல. பெயிண்ட் செலவையும் சேத்துக் குடுத்துடறேன் சார்."

"ம்ம்," என்றார் வாத்தியார், பெரிய மனது பண்ணி.

இந்த இடத்தில் எனக்கு வந்த வெறுப்புக்கு அளவில்லை. வாத்தியார் மேல் வெறுப்பு, கூப்பிய அந்தச் சாணிக் கைகள் மேல் வெறுப்பு, குழி நாற்றத்தைவிட மோசமாக நாறிய அந்த மரியாதை மேல் வெறுப்பு. கத்தத்தான் போனேன். வாயைத் திறந்தும்விட்டேன்.

"நீ சொல்லுடா மெக்கானிக்," என்று வாத்தியார் என் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை மக்கு என்று சொல்லவில்லை. "வண்டி நல்ல வண்டிதானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மண்ணில் உட்கார்ந்து முழங்கைச் சிராய்ப்பை ஊதிக்கொண்டிருந்த டிரைவர்கூடப் பார்த்தார். மருமகள் மண்ணைத் தட்டிக்கொண்டே, கொஞ்சம் நம்பிக்கையோடு பார்த்தாள்.

"பிரேக்கும், எண்ணெய் கசியற அச்சு சீலும் மாத்திட்டா... ஓடும் சார்," என்றேன்.

அது பொய் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். எந்த வண்டியும் எல்லாவற்றையும் மாற்றினால் ஓடும். மருமகள் பையிலிருந்து ஃபோனை எடுத்து அவள் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, வண்டி பாத்தாச்சு. ஓடும்னு மாமா சொல்லிட்டார். நாளைலருந்து நான் ஓட்டறேன்." என் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு ஃபோனை நீட்டினாள். "அம்மாவுக்கு உங்ககிட்டக் கேக்கணுமாம்."

ஃபோனை வாங்கிக்கொண்டு, சற்றுத் தள்ளியிருந்த மாட்டுக் கொட்டகைப் பக்கமாகப் போனேன்.

"அண்ணா, நீங்க பாத்துட்டீங்கல்ல?" என்றாள் தங்கை. பின்னால் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் உருட்டும் சத்தம். "எனக்கு அது போதும். அவ அதுல நம்ம சரிவுல இறங்கலாம்ல?"

நான் வாத்தியாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"வேணாம்மா. அவ இதுல ஏறினா உயிரோட வரமாட்டா."

"என்ன? கேக்கல. ஏன் இவ்ளோ மெதுவாப் பேசறீங்க?"

"உயிரோட வரமாட்டான்னேன். கையெழுத்துப் போட்டுடாத."

"சரி," என்றாள். "வண்டி வேணாம். மூணு பேரும் கிளம்பி வாங்க. அவகிட்டக் குடுங்க."

நான் திரும்பி வந்து ஃபோனை மருமகளிடம் கொடுத்தேன். வாத்தியார் காத்துக்கொண்டிருந்தார்.

"என்னடா சொல்றா உன் தங்கச்சி?"

"சிக்னல் சரியில்லைங்க சார். அப்புறமா பேசிக்கலாம்னு..."

மருமகள் ஃபோனைக் காதிலிருந்து எடுத்தாள். "சிக்னல் நல்லாத்தான் இருக்கு," என்றாள். "அம்மா வண்டி வேணாம்னுட்டாங்க சார். நான் இதுல ஏறினா உயிரோட வரமாட்டேன்னு மாமா சொன்னாராம். உங்க எதிர்ல சொல்ல அவருக்குப் பயம்." அதைச் சொல்லிவிட்டு, அப்பாவைத் தூக்கிவிடக் குழிக்குள் இறங்கினாள்.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்படியா சொன்னே?"

"ஐயையோ, இல்லைங்க சார்," என்றேன். "அவ சின்னப் பொண்ணு. ஏதோ தெரியாம உளர்றா."